ஒரு எல், ரெண்டு பி

கிளியனூர் ஜெசிந்தாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். பேங்கில், ரேஷன் கடையில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில், "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று அவரவர் விரலால் தட்டிக் காட்டுவார்கள். இவள் அசர மாட்டாள். முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டுமே, அவளுக்கென்ன வந்தது?

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பாதுரை நீட்டிய காகிதத்தையும் அப்படித்தான் படித்தாள். அப்பாதுரை திண்டிவனம் பயிற்சி மையத்தின் பொறுப்பாளர். தங்கமான மனிதர், ஆனால் விழுப்புரத்திலிருந்து போன் வந்தால் பனியன் நனைய வேர்த்துப் போய்விடுவார். விழுப்புரத்தில் உள்ள ஓர் அறக்கட்டளைதான் தலைமையிடம். திண்டிவனத்தில் இருப்பது கிளை. ஒரு மாடி, அதில் இருபத்து மூன்று கம்ப்யூட்டர், புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வருகிற இருபத்திரண்டு பெண்கள், அவ்வளவுதான்.

"'மேற்படி கணினிகள் பழுது பார்க்க இயலாத நிலையில் உள்ளன என்று சான்றளிக்கிறேன்.'" ஜெசிந்தா வாய்விட்டுப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இயலாதுன்னு யாரு சார் பார்த்தது?"

"விழுப்புரம் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்க்கற சீனுவாசன் சார்தாம்மா. அன்னிக்கு வந்து பார்த்துட்டுப் போனாரே."

"அரை மணி நேரம் பார்த்தாரு. அதுல பத்து நிமிஷம் டீ குடிச்சாரு."

"காலங்காத்தால ஏம்மா பேஜாரு பண்ற? மூணு மணிக்குக் குட்டியானை வண்டி வருது. பெட்டிங்கள ஏத்திக்கினு போயிடுவாங்க. திங்கக்கெழமையிலருந்து கிளாஸ் எல்லாம் விழுப்புரத்துல. லேப்ப பார்த்துக்கறவ நீ, நீ போட்டாத்தான் செல்லும். போட்டுக் குடு, ஜல்தி."

"போட மாட்டேன் சார்."

அப்பாதுரை தலையில் கை வைத்துக்கொண்டார்.

கிளாஸ் விழுப்புரத்துக்குப் போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று மாடியில் இருந்த பெண்களைக் கேட்டால் தெரியும். பெருமுக்கல் வெண்ணிலா மூன்று வயதுக் குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவள். நாலு மணிக்குள் திரும்பிப் போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும். "விழுப்புரம்னா எங்க வூட்ல வேணான்டுவாங்கக்கா. பஸ்ஸுலயே பாதி நாளு பூடும்" என்றாள். இருபத்திரண்டு பேரில் பதினாலு பேருக்கு இதே கதைதான். எட்டு மாதம் படித்தாயிற்று, இன்னும் இரண்டு மாதம் இருந்தால் சர்டிபிகேட். அதைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்கிறார்கள். ஜெசிந்தாவுக்குத் தன் வேலையும் சேர்ந்து போகும் என்பது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அவள் இந்த மையத்துக்கு வந்ததே கூட்டிப் பெருக்கத்தான். அப்பா, அம்மா இரண்டு பேரும் ஊரார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறித்துத்தான் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். பிறகு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏழு வருஷம் நின்றாள். கல்யாணம், பிள்ளை, அதற்குப் பிறகு இந்த மையம். பெட்டிகளின் பின்பக்கம் தூசி துடைக்கும்போது எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தாள். வாத்தியார் பாடம் நடத்தும்போது துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். பெட்டி நின்று போனால் மற்றவர்கள் திரையில் வருகிற பிழைச் செய்தியைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் அகராதியைப் புரட்டுவாள். ஐந்து வருஷத்தில் வாத்தியார்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். பெட்டியில் ஏதாவது என்றால் எல்லாரும் கூப்பிடுவது ஜெசிந்தாவைத்தான். சம்பளப் பட்டியலில் மட்டும் இன்னும் 'துப்புரவு மற்றும் உதவி' என்றுதான் இருக்கிறது. என்ன ஒரு நியாயம் பாருங்கள்.

அன்றைக்கு அவள் மாடியேறும்போது மணி ஒன்பதரை. "யாரும் வூட்டுக்குப் போகாதீங்க. மூணு மணி வரைக்கும் டைம் இருக்குது" என்றாள்.

சங்கதி இதுதான். போன மாதம் தலைமையிடத்துச் சுற்றறிக்கைப்படி எல்லாப் பெட்டியையும் அழித்துப் புது லினக்ஸ் போட்டார்கள். லினக்ஸில் புரோகிராம் எழுதும் கருவிகள் தனியாக வரும், பேக்கேஜ் என்பார்கள். ஒரு பேக்கேஜைக் கேட்டால் அதற்கு வேண்டிய மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கும். இட்லி வேண்டும் என்றால் அரிசி, உளுந்து, குண்டான் எல்லாவற்றையும் வீட்டில் போட்டுவிட்டுப் போகிற மளிகைக் கடை மாதிரி. அந்தக் கடை, விழுப்புரத்தில் உள்ள ஒரு சர்வர். கிளைகள் எல்லாம் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றறிக்கையில் சொன்னபடியே எல்லாம் செய்தார்கள். கருவியைக் கேட்டால் மட்டும், அப்படி ஒரு பேக்கேஜே கண்ணில் படவில்லை என்று பெட்டி கை விரித்தது. சீனுவாசன் வந்து திரையில் இருந்த அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். "பழைய பெட்டிம்மா. புது சிஸ்டத்தத் தாங்காது" என்றார். போகிற போக்கில் ஆறு பெட்டிகளில் பென் டிரைவிலிருந்து எதையோ வலுக்கட்டாயமாகத் திணித்து, இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போனார்.

ஜெசிந்தா கடைசி வரியை விட்டுவிட்டு மேலே போனாள். கிளியனூர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு பைபிள் வாசகம் வாசிப்பவள் அவள். வாயில் நுழையாத பேர் பத்து சேர்ந்தாற்போல் வந்தாலும் ஒன்றைக்கூட விழுங்க மாட்டாள். திரையையும் அப்படியே ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டு போனாள். பதினோராவது வரியில் இருந்தது. அந்தப் பெயரில் ஒரு சர்வர் இருப்பதாகவே தெரியவில்லை என்று பெட்டி சொன்னது.

"அடப்பாவிங்களா" என்றாள். "கடையில சரக்கு இல்லன்னு சொல்லல. கடையே தெரியலன்னு சொல்லுது."

லைன்தான் அறுந்து கிடக்கிறதோ என்று விழுப்புரத்துக்குப் போன் போட்டாள். சீனுவாசன்தான் எடுத்தார். "லைன் எல்லாம் நல்லாத்தான்மா இருக்குது. பெருக்கறவங்கள சிஸ்டத்துல கை வைக்க வுட்டா இப்பிடித்தான்" என்றார்.

"பெருக்கினதாலதான் சார் எந்தப் பெட்டிக்கு எந்த ஒயருன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மூலையில் ஒரு பெட்டி இருந்தது. சர்டிபிகேட் அச்சடிக்கிற பெட்டி என்பதால் அதை மட்டும் போன மாதம் யாரும் அழிக்கவில்லை. அதில் பேக்கேஜ் கேட்டுப் பார்த்தாள். மளமளவென்று வந்தது! அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறது, கடையும் திறந்திருக்கிறது. இரண்டு பெட்டியிலும் சர்வரின் விலாசம் எழுதியிருக்கும் பக்கத்தைத் திறந்து மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. மறுபடி பார்த்தாள். மண்டை காய்ந்தது.

"வெண்ணிலா, நீ அத ஒவ்வொரு எழுத்தா சொல்லு. நான் இத சொல்றேன்."

"வி, ஐ, எல், யு..."

"நில்லு. எனக்கு எல் ரெண்டு இருக்குது."

"எனக்கு ஒண்ணுதான்க்கா. ஆனா பி ரெண்டு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாடியே அதிரும்படி சிரித்தார்கள்.

வேறென்ன சொல்ல! விழுப்புரத்தை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று அந்த ஊருக்கே இன்னும் முடிவாகவில்லை. ஒரு போர்டில் இரண்டு எல், ஒரு பி. அடுத்த போர்டில் ஒரு எல், இரண்டு பி. பஸ்ஸில் போகிற யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், எப்படி எழுதினாலும் பஸ் போய்ச் சேர்ந்துவிடும். சர்வருக்கு அந்தக் காலத்தில் பெயர் வைத்தவர் ஒரு எல், இரண்டு பி போட்டு வைத்தார். சுற்றறிக்கையை டைப் அடித்தவர் தன் வழக்கப்படி இரண்டு எல் போட்டார். திண்டிவனம் பெண்கள் அதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் இருபத்திரண்டு பெட்டியிலும் ஏற்றினார்கள். இதற்குப் பெயர்தான் பழுது பார்க்க இயலாத நிலை!

சிரிப்பு அடங்கியதும் ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டே இரண்டு எழுத்துக்காக இத்தனை பேர் படிப்பில் மண்ணைப் போடப் பார்த்தார்களே.

மணி பதினொன்று. ஒரு பெட்டியில் பெயரைத் திருத்திக் கருவிகளைக் கேட்டாள். வந்தது, ஆனால் ஆமை வேகம். ஒரு பெட்டி முடியவே முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இந்தக் கணக்கில் போனால் மூன்று மணிக்கு அஞ்சாறு பெட்டி தேறினாலே பெரிய விஷயம். யோசித்தாள். எல்லாரும் ஏன் விழுப்புரத்துக்கே ஓட வேண்டும்? வேண்டிய பேக்கேஜ்களை எல்லாம் ஒரே ஒரு தடவை மூலைப் பெட்டியில் இறக்கி அடுக்கினாள். மற்ற பெட்டிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி விலாசத்தை மாற்றச் சொன்னாள். பெண்கள் ஆளுக்கொரு பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணிக்குள் பதினாறு பெட்டி எழுந்து நின்றது. யாரும் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை.

சீனுவாசன் திணித்துவிட்டுப் போன ஆறும்தான் முரண்டு பிடித்தன. உள்ளே அரைகுறையாகக் கிடக்கிற ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்றவை இல்லை, அதைச் சரிசெய்யாமல் அடுத்ததைத் தொட மாட்டேன் என்றன. ஆனால் என்ன கட்டளை கொடுத்தால் சரியாகும் என்பதையும் அந்தச் செய்தியே அடியில் சொல்லியிருந்தது. அடித்தாள். ஐந்து சரியாயின. ஆறாவதில் அந்தத் திணித்த சனியனைப் பிடுங்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

இரண்டே முக்காலுக்கு வெண்ணிலா தன் புரோகிராமை ஓட்டினாள். ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது. அழுகிற குரலில் "அக்கா, லைப்ரரி இல்லன்னுதுக்கா" என்றாள்.

வாசலில் வந்து நின்ற அப்பாதுரை காதில் அது விழுந்தது. "லைப்ரரியா? கீழதான இருக்குது, பீரோவ தொறந்து வுடட்டுமா?" என்றார் பாவம்.

"புஸ்தகம் இல்ல சார், இது வேற" என்றாள் ஜெசிந்தா. ஒரு லைப்ரரிக்கு இரண்டு பாதி உண்டு. யாரோ எழுதி முடித்த புரோகிராமை ஓட்ட ஒரு பாதி போதும், நாமே புதிதாக எழுதி ஓட்ட இன்னொரு பாதியும் வேண்டும். அந்த இன்னொரு பாதி 'டெவ்' என்ற வாலோடு தனிப் பேக்கேஜாக இருக்கும். மூலைப் பெட்டியில் அதை இறக்கினாள். பெண்கள் அவரவர் பெட்டியில் அடித்தார்கள். கீழே குட்டியானை ஹாரன் அடித்தது.

சீனுவாசன் இரண்டு சுமைக்காரர்களோடு மாடியேறி வந்தார். வந்ததும் ஒருவன் முதல் பெட்டியின் ஒயரைப் பிடுங்கப் போனான். ஜெசிந்தா நடுவில் போய் நின்றாள்.

"கைய எடுப்பா. சார், ஒயர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க."

"அதான் பார்த்தாச்சேம்மா."

"இன்னிக்குப் பார்க்கலியே. எந்தப் பெட்டி வேணுமோ அதுல உக்காருங்க."

இருபத்திரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்தார். ஒரு புரோகிராமை ஓட்டினார். ஓடியது. எழுந்து வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார், அங்கேயும் ஓடியது. தான் கெடுத்துவிட்டுப் போன பெட்டிகளில் ஒன்றைத் தேடிப் போய்ப் பார்த்தார். அதுவும் ஓடியது.

"லைன்ல ஏதோ சின்ன பிரச்சன இருந்திருக்கும். தானா சரியாயிருக்கும்" என்று பூசி மெழுகினார்.

"தானா ஒண்ணும் ஆவல" என்று ஜெசிந்தா சுற்றறிக்கையை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் மூலைப் பெட்டியின் பழைய விலாசத்தைத் தாளில் எழுதி வைத்தாள். "இத படிங்க. இப்ப இத படிங்க. ஒவ்வொரு எழுத்தா."

அவர் படித்தார். காது மடல் சிவந்தது. பிறகு குரலை உயர்த்தினார். "சரிம்மா, ஏதோ எழுத்து மாறிப் போச்சு. அதுக்கின்னா? சர்வர் எங்ககிட்டதான இருக்குது? நாளைக்கு நாங்க பேர மாத்தினா இதெல்லாம் மறுபடி நின்னு பூடும். எப்பவும் விழுப்புரத்த நம்பித்தான இருக்கணும் நீங்க?"

"வேணாம் சார். இங்க வேண்டியது எல்லாம் இந்த மூலையில இறக்கி வச்சாச்சு. இந்தப் பெட்டிங்க இனிமே உங்க வாசலுக்கு வராது." ஜெசிந்தா சுற்றறிக்கையை நான்காக மடித்து அவர் சட்டைப் பாக்கெட்டுக்கு நேராக நீட்டினாள். "விழுப்புரம் உங்க ஊரு. அதுக்கு எத்தன எல்லு, எத்தன பீ-ன்னு மெதுவா உக்காந்து முடிவு பண்ணிக்கினு ஒரு லெட்டர் போடுங்க. அது வர்ற வரைக்கும் எங்க பொம்பளைங்க படிச்சிக்கினு இருப்பாங்க."

சுமைக்காரர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெண்ணிலா பெருமுக்கல் பஸ்ஸைப் பிடிக்கப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள், "திங்கக்கெழம வர்றேன்க்கா" என்று படியில் இறங்கிக்கொண்டே கத்தினாள். காகிதத்தில் கையெழுத்தும் இல்லை, ஏற்றிக்கொண்டு போகப் பழுதான பெட்டியும் இல்லை. கால் மணி நேரம் கழித்துக் குட்டியானையும் கிளம்பியது. மேம்பாலம் ஏறி, காலியாகவே விழுப்புரத்துக்குத் திரும்பிப் போயிற்று.