மாமாவுக்கு நாங்கள் எழுதிய ஜாதகம்

அந்தச் சோதிட இதழின் நடுப்பக்கத்தில் மாமாவின் ஜாதகத்தைப் படமெடுத்து அப்படியே அச்சிட்டிருந்தார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கோடு போட்ட தாள், அதில் இரண்டு கட்டங்கள், கீழே குண்டு குண்டாகக் கையெழுத்து. 'புத்திர ஸ்தானம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'புத்தி ஸ்தானம்' என்று இருந்ததுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கையெழுத்தும் பிழையும் என்னுடையவை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து நான் எழுதியது அது.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. கடற்கரையோரம் இருந்த அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் எஞ்சினியர். அக்கா அங்கேயே வரைபடப் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் போட்டு அனுப்பும் வரைபடங்களில் தவறு கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவருகிறவராகத்தான் அவர் அவளுக்கு முதலில் அறிமுகமானார். படாளத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினார்கள். டிப்ளமோ படித்து வேலைக்குச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே பட்டப்படிப்பை முடித்தவர். பின்னாளில் டெல்லிக் கூட்டங்களுக்குப் போய்வந்தபோதும் அவருடைய பேச்சு படாளத்துப் பேச்சாகவே இருந்தது.

எங்கள் அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். எழுதப்பட்ட தாளை மட்டும் நம்புகிறவர். அக்கா தன் விருப்பத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பையனோட ஜாதகத்தக் கொண்டுவரச் சொல்லு. பொருந்தினா பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் ஜாதகம் எழுதும் வழக்கமே இருந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். சொல்ல விரும்பாத காரணத்தைச் சொல்லாமலே மறுப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. அக்கா அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

பிறந்த நேரத்தைக் கேட்டபோது மாமா சிரித்தாராம். "அதெல்லாம் யாரு எழுதி வெச்சாங்க? ஸ்கூல்ல சேக்கசொல்ல வாத்தியாரு ஒரு தேதி போட்டாரு. அதான் எனக்கு பர்த்டே. உங்க நைனாவுக்கு இன்னா வேணுமோ நீயே எழுதிக்கோ." அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஜோசியரிடம் போனாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் பழைய பஞ்சாங்கத்தை வெகுநேரம் புரட்டிவிட்டு, "தப்புதாம்மா. ஆனா எடுக்கறதே எடுக்கறோம், நல்ல நாளா எடுத்துடறேன்" என்றார். பூச நட்சத்திரம், மேஷ லக்கினம், காலை ஆறு இருபது என்று மாமாவுக்கு ஒரு பிறப்பு கிடைத்தது. ஜோசியரின் எழுத்து யாருக்கும் புரியாது என்பதால் நான் வேறு தாளில் அழகாகப் படியெடுத்தேன். அப்பா தன் ஜோசியரிடம் காட்டினார். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார்கள். மூன்றாம் நாள் கல்யாண மண்டபம் விசாரிக்கப் போனார்.

மாமா பெயர்பெற்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. கதிர்வீச்சு இருக்கும் இடங்களில் ஓடும் குழாய்களுக்குள், மனிதர்கள் நெருங்க முடியாத மூலைகளில், வெல்டிங் இணைப்புகள் விரிசல் விட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குழாய்க்குள் தானே ஊர்ந்துபோய்ப் பார்த்துவிட்டு வரும் ஒரு சிறிய வண்டியை மாமா செய்தார். அதன் முதல் மாதிரிக்குச் சக்கரம் கொடுத்தது, மாமல்லபுரம் கடற்கரைக் கடையில் தன் மகனுக்கு அவர் வாங்கித்தந்த பொம்மைக் கார். பையன் ஒரு நாள் முழுக்க அழுதான். அணுபுரத்தில், நிலைய ஊழியர் குடியிருப்பில் இருந்த வீட்டுக் கூடத்தில் குழாய்த்துண்டுகளை நீள அடுக்கி வண்டியை உள்ளே விடுவார். அது வளைவில் மாட்டிக்கொள்ளும். வாலில் கட்டிய கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்து, தரையில் உட்கார்ந்து பிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சாப்பிடப் போனால் அந்தக் குழாய்களைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். ஏழு ஆண்டுகள் இப்படிப் போயின. அதன்பிறகு விருது வந்தது, நாளிதழ்களில் படம் வந்தது. கடைசியாக அந்தச் சோதிட இதழ் வந்தது.

ஜாதகத்தை அவர்களுக்குக் கொடுத்தவர் அப்பா. ஓய்வுபெற்றிருந்த அவருக்கு அப்போது மருமகனைவிடப் பெரிய பெருமை எதுவும் இல்லை. 'பத்தாமிடத்தில் செவ்வாய் உச்சம் பெற்றிருக்க, இவர் இரும்பை ஆள்வதில் வியப்பென்ன' என்று எழுதியிருந்தார்கள். கரும்பு வெட்டியவர்களைப் பற்றியோ ஏழு ஆண்டுக் குழாய்களைப் பற்றியோ அதில் ஒரு வரி இல்லை. மாமா சாப்பிட்டுக்கொண்டே படித்துவிட்டு, "செவ்வாய்க்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடு" என்று அக்காவிடம் நீட்டினார். அக்காவும் நானும் சமையலறைக்குள் போய்ச் சிரித்தோம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை, மாமாவின் பிரிவில் வேலை செய்த இளைஞர் ஒருவர் பழங்களோடு வந்தார். அவர் மனைவிக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. அப்பாவும் நானும் அன்று அங்கே இருந்தோம்.

"சார், புக்குல உங்க ஜாதகம் பாத்தோம். வர்ற வியாழக்கிழமை அதே பூசம். மேஷ லக்கினத்துல ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு இருக்கோம். நீங்க பொறந்த நிமிஷம் ஆறு இருபதுதானே?"

"சுத்தமான கணக்கு" என்று அப்பா முந்திக்கொண்டு சொன்னார்.

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. "டாக்டரு இன்னா சொல்றாங்க?"

"குழந்தை எடை கம்மி, இன்னும் ரெண்டு மூணு வாரம் உள்ளயே இருக்கட்டும்னாங்க. அதனால வேற எடத்துல கேட்டிருக்கோம்."

மாமா சொன்னார்: "நான் பொறந்த டைமு எனக்கே தெரியாதுப்பா. எங்கம்மாவுக்கும் தெரியாது. அது நானா எழுதிக்கினது. அத வெச்சி புள்ளய வெளிய எடுக்காத."

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து அந்த இளைஞர் சிரிக்கப் பார்த்தார். அப்பாவும் சிரித்தார். அப்போது அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அவர் எழுதல. நான் எழுத வெச்சேன். நீங்க ஜாதகம் கேட்டீங்கல்லப்பா, அதுக்காக." அவள் ஜோசியரைப் பற்றிச் சொன்னாள், என்னைச் சொல்லவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார். அது யாருடைய கையெழுத்து என்று அவருக்கு அதுவரை தோன்றாமல் இருந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதுவே போதுமானதாக இருந்தது. அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். மாமா பின்னாலேயே போனார். செங்கல்பட்டுப் பேருந்து வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்களாம்.

அந்தத் தம்பதியர் காத்திருந்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். என்ன நட்சத்திரம் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அப்பா மட்டும் நாலு மாதம் அணுபுரம் பக்கம் வரவில்லை. வீட்டிலும் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எதுவும் நடக்காதது போல என்னோடு பேருந்து ஏறி அக்கா வீட்டுக்கு வந்தார். மாமாவிடம் அந்த வண்டி எப்படித் திரும்புகிறது என்று முதல்முறையாகக் கேட்டார். மாமா பழைய மாதிரியை எடுத்துவந்து தரையில் வைத்து, வெகுநேரம் விளக்கினார்.

அந்த நாலு மாதத்துக்குள் நடந்ததை அந்தப் பொங்கலுக்குப் படாளம் போனபோது மாமாவின் அம்மாதான் சொன்னார். அக்காவுக்குக் கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் அப்பா அந்த வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஏதாவது வேலை வந்துவிடும், இல்லையென்றால் உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

"உங்கப்பாரு தனியா வந்தாரு" என்றார் அந்த அம்மா. "எம்புள்ள எப்ப பொறந்தான்னு கேட்டாரு. கரும்பு வெட்டிகினு இருக்கசொல்ல வலி வந்துச்சி, வூடு வந்து சேர்றதுக்குள்ள வழியிலயே பொறந்துட்டான்னேன். மணி இன்னான்னாரு. மணிய யாரு பாத்தான்னேன். ரொம்ப நேரம் குந்திகினு இருந்தாரு. அப்புறம் பசிக்குதுன்னாரு. இட்லி வெச்சேன். நாலு துன்னாரு."

அப்பா இதை எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.