மழையைக் கழிக்காத பனிக்கணக்கு

"மற்றப் பிள்ளையளின்ரை அப்பாமாரும் சறுக்கீனம். நீங்களும் ஒருக்கா வாங்கோ." என் மகள் அபி இரண்டு குளிர்காலமாகக் கேட்டது இது. பன்னிரண்டு வயது; பள்ளிக்கூடத்தோடு போய்ப் பனிச்சறுக்குப் பழகிவிட்டாள். நானோ டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். சனிக்கிழமை லீவு குதிரைக்கொம்பு. இந்த மார்ச்சில் எப்படியோ ஒன்று கிடைத்தது. அடுத்தது கிடைப்பதற்குள் பனி உருகிவிடும். அடுத்த வருடம் அவள் கேட்பாளோ என்பது எனக்குச் சந்தேகம். பதின்மூன்று வயதில் தகப்பனைக் கூட்டிக்கொண்டு திரிகிற பிள்ளையை நான் இங்கே கண்டதில்லை.

வெள்ளி பின்னேரம், வடக்கே இருக்கிற பனிச்சறுக்கு மலையின் தொலைபேசி எண்ணுக்கு அடித்தேன். புதுப்பனி பதினைந்து சென்ரிமீற்றர் என்றது பதிவுக்குரல். இணையத்தளத்தில் இருபத்தைந்து. முதல் நாள் எங்கள் ஊர் புவாண்ட்-கிளேரில் மழை ஊற்றியிருந்தது. மலையில் பெய்யவில்லையாக்கும் என்று நம்பிவிட்டேன். அதற்குக் காரணம் என் வேலை. எங்களுக்குப் பனி அறிக்கை என்றால் ஓடுபாதை அறிக்கைதான். எத்தனை மணிக்குப் பார்த்தது, எத்தனை பங்கு ஐஸ், எத்தனை பங்கு வெறும் தரை என்று எல்லாம் இருக்கும். மழை வந்தால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதிதாகச் சொல்வார்கள். உலகத்தில் எல்லா அறிக்கையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

காலை ஏழரைக்கு வெளிக்கிட்டோம். நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஏறி, பதின்மூன்றால் போய், பதினைந்தில் வடக்கே திரும்ப வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். வழி முழுக்க ஓடுபாதை அறிக்கையைப் பற்றி அபிக்கு விளக்கினேன். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு "ம்ம்" என்றாள், அவ்வளவுதான்.

கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் எனக்கு வழுக்கியது. நிமிர்ந்து பார்த்தால் மலை கண்ணாடி போல மினுங்குகிறது. வாசல் பலகையில் நாற்பது என்று எழுதியிருந்தது. தொலைபேசியில் பதினைந்து, இணையத்தில் இருபத்தைந்து, பலகையில் நாற்பது. நான் வந்தது ஒரு மலைக்கா மூன்று மலைக்கா என்று விளங்கவில்லை.

தகவல் மேசையில் ஒரு பெண் இருந்தார். என் பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி'யோடு முடிந்துவிடும். அபிதான் மொழிபெயர்த்தாள்.

"பதினைஞ்சு எங்கை அளந்ததெண்டு கேள் பிள்ளை."

"உச்சியிலயாம். காட்டுக்குள்ள, காத்துப் படாத இடத்தில."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமையாம். இருபத்தைஞ்சு இந்தக் கிழமை முழுக்க விழுந்ததாம். நாப்பது பழசும் புதுசும் சேர்த்தாம்."

"வியாழன் மழை பெய்யேல்லையோ?"

அந்தப் பெண் சிரித்தபடி ஏதோ சொன்னார். "பெய்ததாம். ஆனா மழையை அவையள் கழிக்கிறேல்லையாம், அப்பா."

"ஏனாம்?"

"மழையெண்டு போட்டா ஆக்கள் வரமாட்டினமாம்."

"வந்து ஏமாந்தவை பேந்து வருவினமோ?"

இதை மட்டும் அபி மொழிபெயர்க்கவில்லை.

ஐஸில் விழுந்து கை முறிந்தால் பெட்டி தூக்குவது யார்? "திரும்பிப் போவம் பிள்ளை" என்றேன். அவள் சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். "சரி அப்பா" என்று மெல்லச் சொன்னாள். அது நெஞ்சில் குத்தியது. பிறகு கேட்டாள்: "பழகிறாக்களின்ரை சின்னச் சரிவை நான் ஒருக்கா பாத்திட்டு வரட்டே?"

மறுக்க மனம் வரவில்லை; டிக்கெட்டும் வாடகைச் சறுக்குப் பலகைகளும் இருவருக்கும் தொண்ணூற்றெட்டு டொலர் கொடுத்து எடுத்தேன். தாய் கொடுத்தனுப்பிய செல்போனோடு அவள் மேலே போனாள். நான் கீழே பலகைகளை மாட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். சற்று நேரத்தில் என் போன் அடித்தது.

"அப்பா, நேரம் பத்தேமுக்கால். நான் உச்சியில நிக்கிறன். ஒருக்கா இறங்கிப் பாத்திட்டன். வலப்பக்கம் பாதி ஐஸ். இடப்பக்கம் ஐஸ் இல்லை, மெத்தெண்டு கிடக்கு. மழை இல்லை. வாங்கோ, நான் பிடிக்கிறன்."

காதில் பாட்டோடு இருந்த பிள்ளை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சரிவில் மேலே போக ஓடும் பட்டி ஒன்று உண்டு. இத்தனை வருடம் நான் பட்டியில் ஏற்றிய பெட்டிகளைப் போல அன்று நானே ஏறிப் போனேன். அவள் எனக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்கியபடி இரண்டு கையையும் பிடித்து இறக்கினாள். இடப்பக்கத்திலேயே இரண்டு முறை விழுந்தேன். மெத்தென்றுதான் கிடந்தது; அவளின் அறிக்கையில் பிழை இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: இலக்கத்தை நம்பி வெளிக்கிடாதீர்கள். ஒரு மனிதரைத் தொலைபேசியில் பிடித்து எங்கே அளந்தது, எப்போது அளந்தது, அதற்குப் பிறகு மழை பெய்ததா என்று கேளுங்கள். மலைக்காரர்களே, உச்சியையும் அடிவாரத்தையும் தனித்தனியாக, நாளும் நேரமும் போட்டுச் சொல்ல என்ன கஷ்டம்? மூன்று இலக்கம் ஏன் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது அபி காதில் எதையும் மாட்டவில்லை.

"அடுத்த வருஷமும் வருவீங்களோ அப்பா?"

"மழையெண்டாலும் மறைக்காமச் சொல்லு. வாறன்."