திண்டிவனத்தில் எடுத்த வாடகைக் கட்டில்

என் கணவருக்கு அரசாங்கத்தில் ஒரு சிறிய ஆய்வாளர் வேலை. எப்போது மாற்றல் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்களுக்குச் சொந்தமாக ஒரு நாற்காலிகூடக் கிடையாது. விழுப்புரத்தில் இருந்தபோது கட்டில், மேசை, இரண்டு நாற்காலி எல்லாமே வாடகைதான். கல்யாணத்துக்குப் பாத்திரமும் ஜமக்காளமும் கொடுக்கிற கடைகளில் மாத வாடகைக்குக் கட்டிலும் கிடைக்கும். மாற்றல் வந்ததும் கடைக்காரர் வண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்களுக்கு மிஞ்சுவது டிரங்குப் பெட்டிகள், ஸ்டவ், சுருட்டிக் கட்டிய படுக்கை.

"சொந்தமா வாங்கினா ஊர் ஊரா அதைத் தூக்கிக்கினு அலையணும். லாரியில ஏத்தி எறக்கறதுக்குள்ள காலு ஒடிஞ்சி போவும்" என்பார் என் கணவர்.

எனக்கு மட்டும் ஓர் இரும்புக் கட்டில் வாங்க வேண்டுமென்று ஆசை. முன்பு யார் யார் படுத்த கட்டிலோ என்ற எண்ணம் வாடகைக் கட்டிலில் என்னை நிம்மதியாகப் படுக்க விட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆனது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். வீடு கிடைக்காமல் லாட்ஜில் தங்கிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினோம். குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் பலர் தயங்கினார்கள். கடைசியில் ஒரு ஜைனக் குடும்பத்தின் வீட்டில் பின்கட்டு கிடைத்தது. வீட்டுக்காரர் செஞ்சிப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பார். இங்கே வீட்டுக்கார அம்மாளும் ஒரு சின்னப் பேத்தியும்தான். அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் ஜைன மடம் இருக்கிற மேல்சித்தாமூர். சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"கறி, மீனு, முட்டை எதுவும் உள்ள வரக் கூடாது. அது மட்டுமில்ல, எந்த உசுரையும் இந்த வீட்ல கொல்லக் கூடாது. முடியும்னா இருங்க."

நாங்கள் சைவம்தான். உடனே சரி என்றோம்.

பக்கத்துத் தெருக் கடையிலிருந்து என் கணவர் ஒரு நாடாக் கட்டிலை வாடகைக்கு எடுத்து வந்தார். மறுநாள் காலை விரிப்பை உதறும்போது பார்த்தேன். வெள்ளைத் துணியில் கடுகளவு ரத்தப் பொட்டுகள். நாடாவை விலக்கிப் பார்த்தேன். சட்டத்தின் இடுக்கில் வரிசையாக மூட்டைப்பூச்சிகள்.

விழுப்புரமாக இருந்தால் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றியிருப்பேன். இங்கே முற்றமும் கிணறும் பொது. வீட்டுக்கார அம்மாள் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் பிடிப்பார். துணியில் தங்கியதைக் கீழே உதற மாட்டார். அதை வாளித் தண்ணீரில் அலசி, வாளியை மெதுவாகக் கிணற்றுக்குள் இறக்கிக் கவிழ்ப்பார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வந்த இடத்துக்கே திரும்ப வேண்டுமாம். அவர் முன்னால் நான் எப்படி வெந்நீர் காய்ச்சுவது?

கொல்லவும் முடியாது, சொல்லவும் முடியாது. சொன்னால் வீடு போய்விடும்; கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாலும் கடைக்காரர் முற்றத்தில் வைத்தே கூச்சல் போடுவார். இந்த வயிற்றோடு மறுபடியும் லாட்ஜுக்கா? சுவரில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும், அது முன்கட்டுக்குப் போகிறதோ என்று கிட்டே போய்ப் பார்ப்பேன். கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்திப் போட்டேன். தரையில் பாய் விரித்துப் படுத்தோம். விரிப்பைத் தினமும் துவைத்தேன்.

"ஏம்மா, தெனமும் பெட்ஷீட் தொவைக்கிற?" என்று ஒருநாள் கிணற்றடியில் வீட்டுக்கார அம்மாள் கேட்டார்.

"வேர்வைங்கம்மா" என்றேன்.

இன்னொரு நாள் பேத்தி கட்டிலில் ஏறப்போனாள். பதறிப்போய் இழுத்துப் பாயில் உட்கார வைத்தேன். அந்த அம்மாள் வாசற்படியிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஏன், எங்க வீட்டுப் புள்ள உங்க கட்டில்ல ஒக்காரக் கூடாதா?"

அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே என் கணவரைக் கடைக்கு அனுப்பினேன், கட்டிலைச் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி.

கடைக்காரர் மறுநாள் காலை வண்டியோடு வந்தார். அந்த அம்மாள் முற்றத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கட்டிலை வெளியே தூக்கிப் போட்டதும் கடைக்காரர் நாடாவை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? நான் குடுக்கசொல்ல ஒரு பூச்சி இல்ல. உங்க படுக்கையிலருந்துதான் ஏறியிருக்குது."

"கொஞ்சம் மெதுவா பேசுப்பா" என்றார் என் கணவர்.

"நான் இன்னாத்துக்கு மெதுவா பேசணும்? பெரியம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க வீட்ல மூட்டைப்பூச்சி உண்டா?"

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்து இடுக்கை வெகுநேரம் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பத்திலேருந்து?" என்று என்னைக் கேட்டார். 

"கட்டிலு வந்த மறுநாள்லேருந்துங்கம்மா."

"அதான் கொழந்தைய ஏற வுடலியா?"

தலையசைத்தேன். அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவ?"

"நாலு கொடம் கொதிக்கிற தண்ணி ஊத்துனா எல்லாம் காலி. நாளைக்கே வேற ஆளுக்கு வாடகைக்கு வுட்டுடுவேன்."

"அப்போ எடுக்காத."

"இன்னாம்மா பேஜாரா கீது. பூச்சிங்க படுத்துக்கினு இருக்கும், வாடகை அதுங்களா குடுக்கும்?"

"சாவட்டும்னு என் வீட்லருந்து வண்டி ஏத்தி அனுப்ப மாட்டேன். தோட்டத்துல புளியமரத்துக்குக் கீழ போடு. தானா எறங்கிப் போவட்டும்."

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்து, கடைக்காரர் சொன்ன விலைக்கு அந்தக் கட்டிலை வாங்கிக்கொண்டார். எங்கள் குடும்பம் சொந்தமாக வாங்கிய முதல் மரச்சாமான் அதுதான். புளியமரத்தடியில் போட்ட, யாரும் படுக்க முடியாத கட்டில்.

வீட்டைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வழக்கம்போல் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு நடுக்கதவைச் சாத்திக்கொண்டார். நான் பெட்டிகளைத் திறந்து துணிகளை அடுக்கத் தொடங்கினேன். விடிந்ததும் காலி செய்யச் சொல்வார் என்றே நினைத்தேன்.

விடிந்ததும் நடுக்கதவு திறந்தது. அந்த அம்மாளும், பால் கறக்க வந்த ஆளும் ஒரு நீளப் பலகை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"புள்ளத்தாச்சி தரையில படுத்துக்கினு எழுந்திரிக்க முடியாம கெடக்கற. இதுல படு. நாடா கெடையாது, வெறும் பலகைதான்."

அவர் பார்வை அடுக்கி வைத்த பெட்டிகள் மேல் போயிற்று.

"இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"காலி பண்ணச் சொல்லுவீங்கன்னு நெனச்சேங்கம்மா."

"நீ ஒண்ணையும் கொல்லலியே" என்றார். பிறகு, "தலகாணிய எடுத்தாந்து போடு."

தலையணையின் தையலை அதற்கு முன் எத்தனையோ முறை விரலால் நிமிண்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இருந்ததில்லை. இருந்தும் அவர்கள் வீட்டுப் பலகை மேல் அதை வைக்க எனக்குக் கை வரவில்லை. ஒன்றே ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால்?

"போடும்மா" என்றார் மறுபடியும்.

போட்டேன். அவர் போகும்வரை பெஞ்சின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். போன பிறகும் சாயவில்லை.