ஆர் ஆருக்குத் தேத்தண்ணி

எனக்குப் பொறாமை. வேறை பேர் வைச்சுச் சொல்ல ஏலாது.

மருதனார்மடச் சந்தியிலை, மாடியிலை எங்கடை கம்பனிக் கந்தோர். வேலை செய்யிறது ஆறு பேர். டிஜிட்டல் நாணயத்தை ஒருத்தருக்கொருத்தர் அனுப்பேக்கை அது எல்லாரும் பாக்கிற பொதுப் பதிவேட்டிலை ஏறாமல், நடுவிலை கைமாத்தி விடுறவனுக்கும் ஆர் ஆருக்கு அனுப்பினதெண்டு விளங்காமல் செய்யிறதுதான் எங்கடை வேலை. அந்த மறைப்புக் கணிதம் முழுக்க என்ரை. ஒரு பூட்டோடை உள்ளை வாற நாணயம், வெளியாலை போகேக்கை வேறை பூட்டோடை போகும். இரண்டையும் பொருத்திப் பாக்க ஏலாது. எங்கடை சேர்ச்சிலை காணிக்கைப் பை வரேக்கை எல்லாரும் பொத்தின கையோடை போடுற மாதிரி.

சோதிச்சுப் பாக்க ஒரு விளையாட்டு வைச்சம். ஆளுக்கு நாளுக்கொரு சோதனை நாணயம். நாலு மணிக்கு விரும்பின ஆளுக்கு அனுப்பலாம்; கிடைச்சவருக்குக் கீழ்க்கடையிலை கந்தோர்ச் செலவிலை தேத்தண்ணியும் ரோல்சும். ஆர் அனுப்பினதெண்டு கிடைச்சவருக்கும் தெரியாது. நடுவிலை கைமாத்தி விடுற மெசின் என்ரை மேசையிலை.

இணுவிலிலையிருந்து வாற பிள்ளைக்கு எனக்கு முன்மேசை. மூண்டு வருசமா அவவிலை எனக்கு விருப்பம். வாய் திறந்து சொன்னதில்லை. என்ரை நாணயத்தை நாள் தவறாமல் அவவுக்குத்தான் அனுப்பினன். அவவும் ஆருக்கோ அனுப்பிப்போட்டுத் தனக்குள்ளை சிரிப்பா. எனக்கோ ஒருநாளும் ஒண்டும் வந்ததில்லை. அப்ப ஆருக்கு? கொழும்பிலையிருந்து புதுசா வந்தவன் ஒருத்தன், சுருட்டை மயிரும் அவனும். உவனுக்கோ? மெசினைத் திறந்து பாத்தன். ஒரு கோதாரியும் விளங்கேல்லை. கண்டறியாத கணிதம்! நானே பூட்டிப்போட்டு நானே வெளியிலை நிண்டன்.

பிறகு விசர் மூளை வேலை செய்தது. சேர்ச் வாங்கிலை ஒராள் மட்டும் குந்தியிருந்தால் பொத்தின கை என்னத்துக்கு உதவும்? ஒரு வியாழக்கிழமை மற்ற எல்லாற்றை நாணயத்தையும் மெசினிலை மறிச்சு வைச்சுக்கொண்டு அவவின்ரையை மட்டும் விட்டன். ஒண்டு உள்ளை வந்தது, ஒண்டு வெளியாலை போச்சு. உவனுக்குத்தான்.

அடுத்த நாள் கூட்டத்திலை அவ எழும்பினா. "நேற்று என்ரை மட்டும்தான் உடனை போனது. மற்ற ஆக்களின்ரை எல்லாம் பத்து நிமிசம் பிந்தினது. நடுவிலை இருக்கிறவர் இப்பிடி மறிச்சால், ஆர் ஆருக்கெண்டு பிடிக்கலாம்."

முதலாளி என்னைப் பாத்தார். "நீரோ செய்தது?"

"ஓம்."

"ஐசே, திறமான சோதனை! பெரிய ஓட்டையெல்லோ பிடிச்சிருக்கிறீர்!"

எல்லாரும் கை தட்டிச்சினம். அவ தட்டேல்லை.

"சோதனைக்கோ செய்தனீங்கள்?" எண்டு மெல்லக் கேட்டா.

அண்டு நாலு மணிக்கு அவ கணினியைத் தொடேல்லை. எழும்பி நேரை உவன்ரை மேசைக்குப் போனா.

"உங்களுக்கு ஒவ்வொரு நாளும் அனுப்பினது நான்தான். இனி மறைச்சு என்ன? வாங்கோ, கீழை போய்க் குடிப்பம்."

உவன் வாயைப் பிளந்தான். அதுவரைக்கும் உவனுக்கே அது தெரியாது.