எம்பி3 பிளேயரைக் கேட்ட காது

எட்டாவது தாண்டாத நான் சித்தூரில் ஒரு கடை, திருப்பதியில் இரண்டு கடை, மூன்று மாடி வீடு எல்லாம் தனியாளாக நின்று கட்டியவன். ஆனாலும் எம்பி3 பிளேயர் வாங்க வந்தவர்கள் என் பேச்சை நம்பவில்லை. பத்திரிகையில் ஒரு விமர்சகர் எழுதியதைக் கத்தரித்து வந்து நீட்டினார்கள்.

அந்த விமர்சகர் ஒல்லியான மனிதர், நெசவாளர் ஊரான நகரிக்காரர். திருப்பதி கடைக்கு வந்து புதுப் பிளேயரைக் காதில் மாட்டி, மேசையில் விரலால் தாளம் போடுவார். ஒரு நாள் பேட்டரி தீர்ந்து பிளேயர் அணைந்தது. தாளம் நிற்கவில்லை.

தோளைத் தொட்டேன். "சார், பாட்டு நின்னு ரொம்ப நேரமாவுது."

என் உதட்டையே பார்த்தார். "தறிச் சத்தத்துலயே வளந்து காது பூட்ச்சுண்ணா. பொட்டி மேல போட்டுகீறத பாத்துதான் எழுதிக்கினு இருந்தேன். தெரிஞ்சா வேலை பூடும். நீங்க கேட்டுச் சொல்லுங்க, எப்டி கீது?"

வேறு பேட்டரி போட்டுக் கேட்டேன். "கரகரன்னு கீது சார்."

அதே பிளேயர் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அவர் அப்படியே எழுதினார், பெட்டி விற்கவில்லை. அன்று முதல் அவர் தாளமும் போடவில்லை. எழுதியதெல்லாம் நான் கேட்டதுதான்.

போன மாதம் இறந்துவிட்டார். நம்பகமான விமர்சகர் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அந்த நம்பகமான காது என்னுடையது. பத்திரிகைக்காரர்களே, அதையும் போடுங்கள்.