பொதி கட்டியவர் பெயர்

சனிக்கிழமைகளில், மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்கு அருகே, ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் நாங்கள் கிரீன்லாந்துக்குப் பொதி கட்டுவோம். அதன் கிழக்குக் கரையில் உள்ள சில கிராமங்களுக்குக் கடல்பனி விலகும் கோடையில் மட்டுமே கப்பல் போகும். அதைத் தவறவிட்ட பெட்டி அடுத்த கோடைவரை காத்திருக்கும். குழந்தைகளின் கம்பளி உடுப்பு, சப்பாத்து, பள்ளிக் கொப்பிகள், பால்மா. டென்மார்க் வரை லொறி, அதன்பின் கப்பல். இதைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சு ஆசிரியை. எங்கள் எல்லோருக்கும் அவர் மதாம். கட்டுபவர்களில் பாதிப்பேர் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் எங்கள் ஆட்கள். ஊருக்கு அனுப்பி அனுப்பிப் பொதி கட்டப் பழகிய கைகள் அவர்களுடையவை.

நான் பொதி கட்டவில்லை; எழுதினேன். தன்னார்வப் பணிக்கு என் பல்கலைக்கழகம் ஒரு பாடத்துக்குரிய மதிப்பெண் தரும். இலக்கிய மாணவிக்கு அது எளிதான வழி. ஒரு பருவம் முடிந்ததும் மதாம் கையெழுத்திட்ட ஒரு தாள் கிடைத்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. அதற்குப் பிறகும் வில்லியே லே பெல் புறநகரிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. சனிக்கிழமைக்கு ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு கொப்பிகள். ஒன்றில் வந்தவர்களின் பெயரை நான் எழுத, அவர்கள் பக்கத்தில் கையெழுத்திடுவார்கள். மற்றதில் ஒவ்வொரு பெட்டியின் எண், எடை, கட்டிய நாள். பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்போம். அதில் பெட்டி எண்ணையும் பொருள்களின் பட்டியலையும் நான் எழுதுவேன். ‘பொதி கட்டியவர்’ என்ற கடைசி வரியைக் கட்டுபவரே நிரப்பிக் கையெழுத்திட்டு, பிறகு பெட்டியை ஒட்டுவார். பொதி போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பள்ளிக்கூடம் அந்தச் சீட்டில் முத்திரை குத்தி மதாமின் வீட்டுக்குத் தபாலில் அனுப்பும். திரும்பி வந்தவற்றை எண் வரிசைப்படி கோப்பில் செருகுவதும் என் வேலை. எண்ணை மட்டும் பார்ப்பேன்.

கட்டுபவர்களில் மிகச் சிறந்தவர் ஓர் அண்ணை. நாற்பது வயதிருக்கும், உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர். அவருக்கு எதிரே நின்று கட்டுபவர் பலசரக்குக் கடை அன்ரி. பிறர் கட்டிய பெட்டிகளை ஆட்டிப் பார்ப்பது அன்ரியின் வழக்கம்.

“காத்தையோ அனுப்பப் போறியள்? ரெண்டு சொக்ஸை உருட்டி இடையிலை செருகுங்கோ.”

ஒருமுறை அவர் பால்மாவுக்கு அடியில் ஒரு பக்கற் கறித்தூளை வைத்துவிட்டார். மதாம் அதை வெளியே எடுத்தார்.

“சீல் இறைச்சி சாப்பிடுறவையாம். தூள் இல்லாமல் அதை என்னெண்டு விழுங்கிறது?” என்றார் அன்ரி.

“அக்கா, உங்கடை தூள் போனால் அங்கை ஐஸ் எல்லாம் உருகிப் போம். பிறகு அதுக்கும் எங்களைத்தான் பிடிப்பினம்” என்றார் அண்ணை.

மண்டபம் சிரித்தது. நான் பெட்டியின் எடையை எழுதிக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் தேநீருக்குப் போனபின் அண்ணை என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, மதாமிட்டை எனக்கொரு அத்தெஸ்தாசியோன் வேணும். நான் இஞ்சை வந்து வேலை செய்யிறன் எண்டு ஒரு கடிதம்.”

“எப்பயிருந்து போட வேணும் அண்ணை?”

“வந்த நாளிலையிருந்து. பிறிபெக்சரிலை ராந்தேவுக்கு நாள் கிடைச்சிட்டுது. இன்னும் மூண்டு கிழமை.”

பிறிபெக்சர் என்ற பிரெஞ்சு அரச அலுவலகத்தில் வதிவிட அனுமதி கேட்டு மனுப்போடுபவர் இந்த நாட்டில் இருந்ததற்கு மாதந்தோறும் ஒரு சான்று காட்ட வேண்டும். அவர் இரண்டரை ஆண்டு ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தவர். எளிய கடிதம் என்று நினைத்தேன். பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கக் கடவுச்சீட்டைக் கேட்டேன். அதிலிருந்த பெயர் என் கொப்பியில் இல்லை.

“இது உங்கடையோ?”

“ஓம். படத்தைப் பாருங்கோவன். அப்ப தலையிலை மயிர் இருந்தது.”

“அப்ப இந்தக் கொப்பியிலை இருக்கிற பேர்?”

“அது கார்ட்காரன்ரை பேர்.”

அனுமதி இல்லாதவர்கள், அனுமதி உள்ள ஒருவரின் அட்டையைக் காட்டி வேலை செய்வது இங்கே புதிதல்ல. சம்பளத் தாளும் அட்டைக்காரரின் பெயரில்தான் வரும். முதல் சனிக்கிழமை அவர் சமையலறையிலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்திருக்கிறார். நான் பெயர் கேட்டிருக்கிறேன்.

“வெளியிலை ஆர் கேட்டாலும் அந்தப் பேர்தான் வாயிலை வரும். சொன்ன பிறகுதான் யோசிச்சன், இஞ்சை அது தேவையில்லை எண்டு. அதுக்குள்ளை நீங்கள் வடிவா எழுதிப் போட்டியள். பிறகு என்னெண்டு மாத்தச் சொல்லுறது?”

அதில் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் இரண்டரை ஆண்டும் அந்தப் பெயரை, என் ஆகச் சிறந்த கையெழுத்தில் வாரந்தோறும் எழுதியவள் நான். ஒருமுறை தெருவில் யாரோ அவரை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பெயராக இருக்கும் என்று கடந்துபோனேன். பிறர் விஷயத்தைக் கேட்காமலிருப்பதை நான் மரியாதை என்று வைத்திருந்தேன்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதித்தர முதலாளி மறுத்துவிட்டாராம். தங்கியிருந்த அறையும் அண்ணையின் பெயரில் இல்லை. எனவே அந்த இரண்டரை ஆண்டுக்கு அவர் நம்பியிருந்தது இந்த மண்டபத்தை மட்டும்தான்.

மதாம் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொப்பியில் உள்ளதற்கு மட்டுமே தன்னால் கையெழுத்திட முடியும் என்றார். இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்திட்டால், இதுவரை இட்ட கையெழுத்துகளையும் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். சொல்லிக்கொண்டே தன் தேநீரை அண்ணையின் பக்கம் நகர்த்தினார்.

அன்ரிக்குப் பொறுக்கவில்லை. “ஒரு கடதாசிதானே, எழுதிக் குடுங்கோவன்! இவன் இல்லாட்டி உந்தப் பெட்டியள் இஞ்சையிருந்து அசையுமோ எண்டு கேளும் பிள்ளை.”

மொழிபெயர்த்தேன். அது உண்மை, ஆனால் அலுவலகம் கேட்பது அதுவல்ல என்றார் மதாம். அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணை தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகையோ கோபமோ வரவேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, நன்றாக உறங்கினேன். உண்மை என்பதால் இதை எழுதுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை மதாம் ஓர் உறை கொண்டுவந்தார். முந்திய கோடையில் போன பெட்டிகளின் சீட்டுகளில் மூன்று. வழக்கம்போல எண் பார்த்துச் செருகப் போனேன். மூன்றாவது சீட்டில் பார்வை கீழே இறங்கி, கடைசி வரியில் நின்றது. கடவுச்சீட்டில் இருந்த பெயர். முந்திய வாரம் அதை எழுத்தெழுத்தாகப் படித்திருக்காவிட்டால் அன்றும் கவனித்திருக்கமாட்டேன்.

கோப்பை முதலிலிருந்து புரட்டினேன். திரும்பி வந்தவற்றில் அவர் கட்டிய பெட்டிகளின் சீட்டுகள் பத்தொன்பது. எல்லாவற்றிலும் அதே பெயர். அதன் கீழே, என் கொப்பியில் வாரந்தோறும் அவர் போட்ட அதே கையெழுத்து.

அண்ணையைக் கூப்பிட்டேன். ஒட்டுநாடாவோடு வந்தார்.

“இது எப்பிடி இஞ்சை வந்தது?”

“எல்லாம் திரும்பி வாறதுதான் அண்ணை. பள்ளிக்கூடத்திலை முத்திரை குத்தி அனுப்புவினம்.”

“திரும்பி வருமோ?” கதிரையை இழுத்து உட்கார்ந்தார். “நான் நினைச்சன், பெட்டியோடை அதுவும் போச்செண்டு.”

கட்டுபவர்களிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“இதிலை மட்டும் ஏன் சொந்தப் பேர்?”

“அவன்ரை பேரை எழுதி எழுதி என்ரை பேர் எழுதுற கை பழுதாப் போயிடும் எண்டு ஒரு பயம். அங்கை போற கடதாசிதானே. பொலிஸோ பாக்கப் போகுது?”

மதாம் அன்று பிற்பகல் முழுவதும் பத்தொன்பது சீட்டுகளையும் என் இரண்டு கொப்பிகளோடு ஒப்பிட்டார். எண்ணிலிருந்து நாளைக் கண்டுபிடித்தார். கையெழுத்தின் மேல் கையெழுத்தை வைத்துப் பார்த்தார். முடிந்ததும் “எழுது” என்றார். இரண்டு பெயரில் கையெழுத்திட்டவர் ஒருவரே என்று தான் கண்டதை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எல்லா மாதங்களுக்கும் சீட்டு இல்லை. அண்மையில் கட்டிய பெட்டிகள் டென்மார்க்கில் கப்பலுக்காகக் காத்துக்கிடந்தன, சீட்டுகளும் அவற்றுக்குள்தான். அந்த மாதங்களை வெறுமையாக விட்டோம். மதாம் கையெழுத்திட்டார்.

மொழிபெயர்க்க நானும் பிறிபெக்சர் அலுவலகத்துக்குப் போனேன். கருமபீடத்துப் பெண் தாள்களை விரைவாகப் புரட்டினார். சீட்டுகளில் நின்று, முத்திரையைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

“கரடி” என்றேன். “கிரீன்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் முத்திரை.”

அவர் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். பிறகு சீட்டுகளை மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்து, மனு பெறப்பட்டது என்பதற்கான தாளைத் தந்தார். முடிவு தபாலில் வரும்.

வெளியே வந்ததும் அண்ணை அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“கரடியே வந்து சாட்சி சொல்லிப் போட்டுது. இதுக்கு மேலை அவைக்கு ஆர் வேணும்?”

முடிவு இன்னும் வரவில்லை.

அலுவலகம் போய்வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை அவருடைய வரியில் நான் பெயர் எழுதவில்லை. கொப்பியை அவர் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தேன். அவர் எழுதத் தொடங்கினார். முதல் எழுத்து அட்டைக்காரரின் பெயருடையது. கை நின்றது.

“வெள்ளை மை இருக்கோ தங்கச்சி, அழிக்க?”

“வேண்டாம் அண்ணை. குறுக்கை ஒரு கோடு இழுத்துப் போட்டு, பக்கத்திலை எழுதுங்கோ.”

அப்படியே செய்தார். எழுதி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொப்பியைத் திருப்பி, வரிசையில் நின்ற அன்ரியிடம் பெயர் கேட்டேன்.

“என்ன பிள்ளை, என்ரை பேர் தெரியாதோ உமக்கு?”

“தெரியும் அன்ரி. நீங்களே எழுதுங்கோ.”