டயரைத் தொட்டுப் பார்க்கும் வேலை

மெர்ல், லாக்ஸ்டன் என்கிற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவள். பின் சீட்டில் எவன் சூயிங்கம் ஒட்டுகிறான், எவள் யார் சடையைப் பிடித்து இழுக்கிறாள் என்பதையெல்லாம் கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். பஸ்ஸில் அவளை ஏய்த்தவர் எவரும் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்காரரிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு விஷயத்தில், தெரிந்தே ஏமாந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் லிண்ட்சேவுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. அதை விற்றுத்தான் காரின் பின்னால் இழுத்துப் போகிற, படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவனை வாங்கினார்கள். அந்த ஊர்ப்பக்கம் வேலையிலிருந்து ஓய்ந்த பாதிப் பேர் செய்வதுதான் இது. அங்கே வடக்கேதான் வெயில் அதிகம். குளிர்காலம் வந்ததும் அதைத் தேடிப் போவார்கள், வெயில் தாங்காமல் போனதும் திரும்பி வருவார்கள். முதலில் லிண்ட்சேதான் ஓட்டினார். சர்க்கரை வியாதி கண்ணில் கை வைத்ததும் டாக்டர் ஓட்டக் கூடாது என்றுவிட்டார். ஸ்டீரிங் மெர்ல் கைக்கு வந்தது. சமையல் முன்பே அவளுடையது. கடைசியில் அவருக்கென்று மிஞ்சியது டயர் மட்டும்தான்.

அது சின்ன வேலையில்லை. செம்மண் பாதையில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் குத்திக் கிழித்துவிடும். தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி காற்றுப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் கேரவனைச் சுற்றி வந்து நாலு டயரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த டயரில் கோளாறு. எந்த நிறுத்தத்திலும் கிழவர்கள் காய்ச்சல் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல டயரோரம் குனிந்து நிற்பார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்ததை அவர் பெண்டாட்டி போய் மறுபடி தொட்டாளோ, பக்கத்துக் கேரவன்காரர்களுக்கு ஒரு வாரத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்துவிடும்.

இந்தக் குளிர்காலத்தில் லிண்ட்சேவின் சட்டைப் பொத்தான்கள் ஓட்டை மாறி விழ ஆரம்பித்தன. கோப்பை கை நழுவியது. கேட்டால் வயசாகிவிட்டது என்பார். விரல்களில் உணர்ச்சி குறைகிறதோ என்று மெர்லுக்குச் சந்தேகம். சந்தேகம் என்ன, பாதி தெரியும். ஆனால் அந்த ஒரு வேலையையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் ஜன்னலோரம் மூட்டை மாதிரிதான் உட்கார்ந்து வர வேண்டும். அதனால் வாயைத் திறக்கவில்லை. பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதைவிட முட்டாள்தனமான பாசம் உலகத்தில் கிடையாது.

இத்தனைக்கும் போன வருஷம் இதே ரோட்டில் டயர் வெடித்துக் கவிழ்ந்த கேரவன் ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். மெத்தையும் தட்டுகளும் புதரெல்லாம் இறைந்து கிடந்தன. வண்டிக்காரி செருப்பில்லாத காலோடு, கையில் கெட்டிலை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

அன்றைக்கு ஊர் திரும்புகிற வழி. உப்பு ஏரிப் பக்கத்துச் செம்மண் பாதை முடிந்து, கூபர் பீடி என்கிற ஊரில் தார் ரோட்டில் ஏற வேண்டும். காலையிலேயே அனல் அடித்தது. லிண்ட்சே காற்றுப் பம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். இடது பின் சக்கரத்தில் வெகுநேரம் தடுமாறினார். குழாய் முனை டயரின் வால்வில் சரியாக உட்காராமல் காற்று சீறுவது உள்ளே இருந்த மெர்லுக்குக் கேட்டது. தலையை நீட்டி, நான் வரட்டுமா என்றாள்.

"நீ பஸ் ஓட்டினவ, நான் டயர் பாக்கறவன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்" என்றார்.

அவளும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் அவர் வழக்கம்போலச் சுற்றி வந்தார். மெர்ல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது பின் டயரில் அவர் கை நிதானமாகத் தங்கியது. அவ்வளவு நேரம் கை வைக்க முடிகிறதென்றால் சூடு இல்லை என்றுதானே அர்த்தம். அவள் மனசை அவளே தேற்றிக்கொண்டாள். அவர் ஏறி உட்கார்ந்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, கிளம்பு என்றார்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில், மூன்று பெட்டி கோத்த பெரிய லாரி ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. லிண்ட்சே இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவர் உள்ளங்கை சிவந்து வெந்திருந்தது. நடுவில் தோல் கொப்பளித்து, உடைந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. அந்தக் கையாலேயே அடுத்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி அவர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பின் டயரில் அவ்வளவு நேரம் தங்கிய கை அது. அந்த டயர் எந்த நிமிஷமும் போகலாம். ரோட்டின் இரண்டு பக்கமும் புதைமணல். பிரேக்கை மிதித்தால் கேரவன் காரைச் சுழற்றிப் போட்டுவிடும், லாரி மேலே ஏறிவிடும். மிதிக்காமல் இதே வேகத்தில் போனால் டயர் வெடிக்கும். பிள்ளைகள் நிறைந்த பஸ்ஸை மழையில் ஓட்டிய கால் அவளுடையது. அது தானாகவே ஆக்சிலேட்டரிலிருந்து மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு கையால், வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவை எடுத்தாள்.

"பின்னாடி வர்ற லாரித் தம்பி, முன்னால போற கேரவன்லேருந்து பேசறேன். என் டயர் ஒண்ணு போகப் போகுது. பிரேக் போடாம வேகத்தைக் குறைக்கறேன், பிரேக் விளக்கு எரியாது. பாத்து வா."

"சரிம்மா, நான் பின்வாங்கிக்கறேன்" என்றது ரேடியோ. "இடது பின் சக்கரம் நசுங்கித்தான் வருது. மணல்ல இறக்கிடாதீங்க. அந்த மேடு தாண்டுனா கெட்டித் தரை இருக்கு."

லிண்ட்சேவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேசற நீ? இப்பத்தானே தொட்டுப் பாத்தேன்."

"உன் கையைப் பாரு, லிண்ட்சே."

அவர் பார்த்தார். பிஸ்கட் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

மேடு வருவதற்குள் கேரவன் வாலாட்ட ஆரம்பித்தது. அடியில் தடதடவென்று சத்தம். கார் இடப்பக்கமாக இழுத்தது. அவள் ஸ்டீரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே சொன்னாள். ஏற்றத்திலேயே பாதி வேகம் செத்தது. மேட்டைத் தாண்டிக் கெட்டித் தரையில் வண்டியை உருட்டி நிறுத்தினாள். லாரி ஹாரன் அடித்து விலகிப் போயிற்று.

ரப்பர் கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. டயரின் பக்கச் சுவர் கிழிந்து உள்நூல் பல்லைக் காட்டியது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் நாமும்தான் துணிக்கு அடியில் கிடந்திருப்போம் என்று நினைத்தாள். அவர் கையில் தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியைச் சுற்றும்போதுதான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தனை நாளா தெரியல?"

"வடக்க போகும்போதே. ரெண்டு கையிலயும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கேரவனை வித்துடுவ. அப்புறம் என்னை வெச்சு நீ என்ன பண்ணுவ?"

அவளுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் தனக்கும் பாதி தெரியுமே, தானும்தானே பேசாமல் வந்தோம் என்று நினைத்ததும் எழுந்து ஜாக்கியை எடுக்கப் போனாள். ஸ்டெப்னியை அவளே கழற்றி மாட்டினாள். நட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டும் என்று லிண்ட்சே பக்கத்தில் நின்று சொன்னார். மற்ற மூன்று டயரின் காற்றையும் அவளே அளந்தாள். அவை சரியாகத்தான் இருந்தன.

முடித்து எழுந்தவள் அவர் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். ஆவென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இங்க தெரியுதுல்ல? குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணிப் பதம் இதுலதான் பாப்போம். உனக்கெங்க தெரியும், ஆரஞ்சு மரத்தைத்தானே கட்டிக்கிட்டுக் கெடந்த."

மத்தியானத்துக்கு மேல் நின்ற இடத்தில் வேறு நாலைந்து கேரவன்கள் நின்றன. லிண்ட்சே குனிந்து ஒவ்வொரு டயரிலும் முழங்கையை வைத்தார். நாற்காலி போட்டு பீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், டயரோடு குஸ்தி போடுகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார். லிண்ட்சே காதில் வாங்கவில்லை. மெர்ல் பின்னாலேயே போய், எல்லாரும் பார்க்க, அவர் தொட்ட டயரையெல்லாம் உள்ளங்கையால் தொட்டாள். அவர் முகம் கன்றியது. ஆனாலும் ஒதுங்கி இடம் விட்டார்.

கடைசிச் சக்கரத்தில் அவர் முழங்கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"இது மத்ததைவிடக் கொஞ்சம் சூடு. வெயில் இந்தப் பக்கம் அடிக்குது, அதனாலதான். பயமில்ல."

மெர்ல் கையை வைத்தாள். அவர் சொன்னபடியே கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே டயரோரம் உட்கார்ந்து, பீர் குடிக்கிறவர் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள்.